பங்கின் மதிப்பைக் கணக்கிடுவது எப்படி: மூலதனச் செலவிலிருந்து தொடங்கும் வழிமுறை

ஒரு நிறுவனம் இனி வரும் ஆண்டுகளில் ஈட்டப்போகும் ரொக்கம் முழுவதையும் இன்றைய பணத்தில் சொன்னால் எவ்வளவு வருமோ, அதுவே அந்த நிறுவனத்தின் மதிப்பு. இதைக் கணக்கிட இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, வரப்போகும் ரொக்கம். மற்றொன்று, அந்த ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி விகிதம், அதாவது மூலதனச் செலவு. புதிதாக மதிப்பீடு செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விற்பனையையும் லாபத்தையும் கணிப்பதிலேயே முழு உழைப்பையும் செலவிட்டுவிட்டு, விகிதத்துக்கு மட்டும் வழக்கமாகப் புழங்கும் 12 சதவீதத்தை எழுதிவிடுகிறார்கள். இதைவிட மோசமானது, கிடைத்த மதிப்பு சந்தை விலையோடு பொருந்தவில்லை என்றவுடன் விகிதத்தை அரை சதவீதம் குறைத்துப் பார்ப்பது. விகிதத்தை முதலில் முடிவு செய்து, அதற்கான காரணங்களோடு எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே ரொக்கக் கணக்கைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் செல்கிறது.

விளக்கத்துக்காக, கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 1,000 கோடி ரூபாய். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 150 கோடி. கடன் 175 கோடி. கையிருப்பு ரொக்கம் 60 கோடி. மொத்தம் 5 கோடி பங்குகள். சந்தையில் ஒரு பங்கின் விலை 315 ரூபாய். இந்த எண்களும், கீழே இந்த நிறுவனத்துக்காகப் பயன்படுத்தும் விகிதங்களும் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. நீங்கள் கணக்கிடும் நாளில் அன்றைய எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பங்கு மூலதனத்தின் செலவு

கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு வட்டி என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. பங்குதாரர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை ஊகித்தறிய வேண்டும். இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுவது, வில்லியம் ஷார்ப் 1964-இல் முன்வைத்த மூலதனச் சொத்து விலை மாதிரி. அவருக்கு 1990-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த மாதிரியே அடிப்படை. ரிஸ்க் இல்லாத வட்டி விகிதத்தோடு, சந்தையின் ரிஸ்க் பிரீமியத்தை நிறுவனத்தின் பீட்டாவால் பெருக்கிக் கூட்டினால் பங்கு மூலதனத்தின் செலவு கிடைக்கும். சூத்திரம் எளிது. அதற்குள் போடும் மூன்று எண்களில்தான் சிக்கல் இருக்கிறது.

ரிஸ்க் இல்லாத விகிதமாக இந்தியாவில் 10 ஆண்டு மத்திய அரசுக் கடன்பத்திரத்தின் வருவாயை எடுத்துக்கொள்வது வழக்கம். வங்கி ஃபிக்சட் டெபாசிட் வட்டியையோ ரெப்போ விகிதத்தையோ எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் ரொக்கம் பல ஆண்டுகளுக்கு நீள்வதால், நீண்ட காலப் பத்திரமே அதற்குப் பொருந்தும். இந்த வருவாய் நிலையானதும் அல்ல: 2020-இல் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2022 ஜூன் மாதத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டியது. ஆகவே எந்தத் தேதியின் விகிதத்தை எடுத்தீர்கள் என்பதைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு 7 சதவீதம் என்று கொள்வோம்.

இங்கே ஓர் ஒழுங்கை மீறவே கூடாது. ரூபாயில் வரும் ரொக்கத்துக்கு ரூபாய் விகிதம், டாலரில் வரும் ரொக்கத்துக்கு டாலர் விகிதம். வெளிநாட்டு அறிக்கை ஒன்றில் 9 சதவீதம் என்ற டாலர் விகிதத்தைப் பார்த்து, அதை அப்படியே ரூபாய்க் கணக்கில் போட்டால் மதிப்பு பொய்யாக ஊதிப்போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பணவீக்க வேறுபாட்டைக் கொண்டு மாற்றலாம். இந்தியாவில் 4 சதவீதம், அமெரிக்காவில் 2 சதவீதம் என்று நீண்ட காலப் பணவீக்கத்தைக் கொண்டால், 1.09-ஐ 1.04-ஆல் பெருக்கி 1.02-ஆல் வகுக்க, 9 சதவீத டாலர் விகிதம் ரூபாயில் சுமார் 11.1 சதவீதமாகிறது.

அடுத்தது சந்தையின் ரிஸ்க் பிரீமியம், அதாவது அரசுப் பத்திரத்தை விட்டுப் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முதலீட்டாளர்கள் கூடுதலாக எதிர்பார்க்கும் வருவாய். கடந்த காலச் சராசரியை வைத்து இதைக் கணக்கிடுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் நிஃப்டியின் அடிப்படைத் தேதியே 1995 நவம்பர் 3 தான். ஆண்டுக்கு 25 சதவீத அளவுக்கு ஏறி இறங்கும் ஒரு சந்தையின் 30 ஆண்டுச் சராசரியை எடுத்தால், அந்தச் சராசரியின் நியமப் பிழை, அதாவது அது உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதன் அளவு, மட்டும் 4.5 சதவீதத்துக்கு மேல் வரும். பிரீமியமே 6 அல்லது 7 சதவீதம் என்னும்போது இவ்வளவு பெரிய பிழையோடு என்ன செய்ய முடியும்? கடந்த காலத் தரவைப் பயன்படுத்துவதாக இருந்தால், டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டையாவது எடுக்க வேண்டும். வெறும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் இல்லை.

சென்னையில் பட்டப்படிப்பு படித்து, இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் அஸ்வத் தாமோதரன், நாடுவாரியான ரிஸ்க் பிரீமியங்களை ஆண்டுதோறும் ஜனவரியில் இலவசமாக வெளியிடுகிறார். பலரும் அதையே எடுத்தாள்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவருடைய முறையில் இந்திய அரசுப் பத்திரத்தின் வருவாயிலிருந்து அரசு கடனைத் திருப்பித் தராமல் போகும் அபாயத்துக்கான பங்கு முதலில் கழிக்கப்படுகிறது. நாட்டின் ரிஸ்க் பிரீமியத்தில் பிறகு சேர்க்கப்படுகிறது. பத்திர வருவாயைக் கழிக்காமல் முழுதாக எடுத்துக்கொண்டு, அவருடைய இந்தியப் பிரீமியத்தையும் முழுதாகக் கூட்டினால், ஒரே அபாயத்தின் ஒரு பகுதியை இருமுறை எண்ணியதாகிவிடும். எந்த முறையை எடுத்தாலும் அதை முழுமையாகப் பின்பற்ற வேண்டும். நாம் பத்திர வருவாயை முழுதாக எடுத்திருப்பதால், பிரீமியத்தை 6 சதவீதம் என்று கொள்வோம்.

மூன்றாவது பீட்டா. சந்தை ஒரு சதவீதம் நகரும்போது இந்தப் பங்கு சராசரியாக எவ்வளவு நகர்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. எக்செல்லில் பங்கின் வார வருவாய்களை ஒரு பத்தியிலும் குறியீட்டின் வார வருவாய்களை மற்றொரு பத்தியிலும் வைத்து, ஸ்லோப் என்ற சார்பைப் பயன்படுத்தினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும். போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்குத் திருத்திய விலைகளை எடுக்க மறக்கக் கூடாது. ஆனால் இந்த எண்ணை நேராக நம்பிவிடக் கூடாது. குறைவாக வர்த்தகமாகும் சிறு நிறுவனப் பங்குகளில், சந்தை விழும் நாளில் பங்கை யாரும் வாங்கவோ விற்கவோ இல்லாததால் விலை அசையாமல் நிற்கும், பீட்டா 0.4 என்று வரும். அது பாதுகாப்பின் அடையாளம் அல்ல, வாங்க ஆளில்லை என்பதன் அடையாளம்.

எனவே ஒரே நிறுவனத்தின் பீட்டாவை விட, அதே தொழிலில் உள்ள நான்கைந்து நிறுவனங்களின் பீட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடனால் வந்த பகுதியை நீக்கி, சராசரி கண்டு, பிறகு நம் நிறுவனத்தின் கடன் அளவுக்கு ஏற்ப மீண்டும் உயர்த்துவதே சரியான வழி. கடன் நீக்கிய பீட்டாவைப் பெற, பீட்டாவை (1 + (1 – வரி விகிதம்) × கடன் ÷ பங்குகளின் சந்தை மதிப்பு) என்பதால் வகுக்க வேண்டும்; திரும்ப ஏற்ற, அதே சூத்திரத்தில் நம் நிறுவனத்தின் எண்களை இட்டுப் பெருக்க வேண்டும். ஒத்த நிறுவனங்களின் கடன் நீக்கிய சராசரி 0.92 என்று வைத்துக்கொண்டால், 1,575 கோடி சந்தை மதிப்பும் 175 கோடி கடனும் உள்ள நம் நிறுவனத்துக்கு 0.92 × (1 + 0.75 × 0.111), அதாவது ஏறத்தாழ 1.0 வருகிறது. பங்கு மூலதனத்தின் செலவு 7 + 6 × 1.0 = 13 சதவீதம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் சொல்லலாம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019–24 காலத்துக்கு அனல் மின் நிலையங்களின் பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருவாயை அனுமதித்தது. அது ஒழுங்குமுறை ஆணையம் கொடுக்கச் சம்மதித்த வருவாய், சந்தை கேட்கும் செலவு அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு 15.5-ஐத் தள்ளுபடி விகிதமாகப் போடுவது தவறு.

கடனின் செலவும் எடைகளும்

கடனுக்கு, நிறுவனம் பழைய கடனில் கட்டிக்கொண்டிருக்கும் வட்டியை அல்லாமல், இன்று புதிதாகக் கடன் வாங்கினால் என்ன வட்டி கேட்பார்கள் என்பதையே எடுக்க வேண்டும். கிரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் தாங்கள் தரமிடும் ஒவ்வொரு கடனாளி நிறுவனத்துக்கும் வெளியிடும் காரண அறிக்கை அவற்றின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. தரத்தைத் தெரிந்துகொண்டால், அதே தரத்துக் கடன்பத்திரங்களின் சந்தை வருவாயைப் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் பணம் தரத் தாமதிப்பது, வங்கி வரம்பில் எத்தனை சதவீதத்தை நிறுவனம் பயன்படுத்துகிறது போன்ற விவரங்களையும் இந்த அறிக்கைகள் பேசுவதால், பங்கு முதலீட்டாளரும் இவற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சோதனையைச் செய்யாமல் கடக்கக் கூடாது. ஆண்டறிக்கையில் உள்ள கடன், மார்ச் 31 அன்று மாலை இருந்த கடன் மட்டுமே. நம் நிறுவனத்தின் ஆண்டு வட்டிச் செலவு 24 கோடி என்று இருந்தால், 175 கோடி கடனுக்கு அது 13.7 சதவீதம் ஆகிறது. வங்கி வாங்குவது 9 சதவீதம்தான் என்றால், ஆண்டு முழுவதும் சராசரியாக 267 கோடி கடன் ஓடியிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம். வட்டிச் செலவு என்ற தலைப்புக்குள் வங்கிக் கட்டணங்களும் குத்தகை வட்டியும் சேர்ந்திருக்கும் என்பதால் குறிப்புகளில் பிரித்துப் பார்த்தபின் முடிவுக்கு வர வேண்டும். செப்டம்பர் 30-க்கான அரையாண்டு இருப்புநிலைக் குறிப்பும் வெளியாகிறது. அதோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் கணக்கில் அப்படி எந்தக் குறையும் இல்லை என்று கொள்வோம்.

வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. 2019 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட புதிய முறையைத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு 22 சதவீத வரி, அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் ஆகியவை சேர்ந்து 25.168 சதவீதம் வருகிறது. 9 சதவீத வட்டி வரிக்குப் பின் 6.7 சதவீதமாகிறது. 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை (Ind AS) 116-இன்படி குத்தகைக் கடப்பாடுகளும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகின்றன. அவற்றைக் கடனாக எண்ணினால் வாடகையை ரொக்கக் கணக்கில் மறுபடியும் கழிக்கக் கூடாது.

இனி, பங்கு மூலதனத்தின் செலவையும் கடனின் செலவையும் மொத்த மூலதனத்தில் அவை வகிக்கும் விகிதப்படி சேர்க்க வேண்டும்; அந்த விகிதங்களே எடைகள். எடைகளுக்கு இருப்புநிலைக் குறிப்பின் புத்தக மதிப்பைப் பயன்படுத்துவது பரவலாகக் காணப்படும் தவறு. பங்குதாரர் எதிர்பார்ப்பது இன்றைய சந்தை மதிப்பின் மீதான வருவாயை. ஆகவே 1,575-க்கு 175, அதாவது 90-க்கு 10 என்பதே நம் எடை. 0.9 × 13 + 0.1 × 6.7 என்று கணக்கிட்டால், எடையிட்ட சராசரி மூலதனச் செலவு ஏறத்தாழ 12.4 சதவீதம். தாளில் எழுதி, தேதியிட்டு, மூடி வைத்துவிடலாம்.

ரொக்கக் கணக்கு

150 கோடி லாபத்திலிருந்து வரியைக் கழித்தால் 112 கோடி. இந்த 150 கோடி ஒரு சராசரி ஆண்டின் லாபம்தானா என்பதை முதலில் கேட்க வேண்டும். பம்ப்செட் தொழிலில் மழை பொய்த்த கோடையில் விற்பனை எகிறும். மோட்டார் சுற்றுவதற்கான செம்பின் விலை உயர்ந்த ஆண்டில் லாப விகிதம் சுருங்கும். சூரியசக்தி பம்புகளுக்கான அரசு ஆர்டர்கள் வந்தால் விற்பனை கூடும், ஆனால் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஏழெட்டு ஆண்டுகளின் லாப விகிதத்தைப் பார்த்துச் சராசரியை அறிந்த பிறகே இந்த எண்ணை அடித்தளமாக வைக்க வேண்டும்.

அடுத்து, வளர்ச்சிக்காக மறுமுதலீடு செய்யும் தொகை. எந்திரங்களுக்கும் கட்டடங்களுக்கும் 72 கோடி செலவிட்டு, தேய்மானம் 40 கோடி போக நிகரம் 32 கோடி. சரக்கிருப்பிலும் வரவேண்டிய பாக்கியிலும் கூடுதலாக முடங்கியது 24 கோடி. ஆக மறுமுதலீடு 56 கோடி, அதாவது வரிக்குப் பிந்தைய லாபத்தில் பாதி. மீதமுள்ள 56 கோடிதான் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் சேர்ந்து கிடைக்கும் உண்மையான ரொக்கம்.

வளர்ச்சி விகிதத்தைத் தனியாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நிறுவனத்தில் போட்டிருக்கும் மூலதனம் 560 கோடி என்றால், அது ஈட்டும் வருவாய் 20 சதவீதம். பாதி லாபத்தை மறுமுதலீடு செய்து அதில் 20 சதவீதம் ஈட்டினால் வளர்ச்சி 10 சதவீதம். மறுமுதலீடு இல்லாமல் வளர்ச்சி வராது என்ற இந்த ஒரு தொடர்பைக் கைவிடும் மதிப்பீடுகள்தான் பெரும்பாலும் வானத்தில் பறக்கின்றன.

5 ஆண்டுகளுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் ரொக்கம் 61.6, 67.8, 74.5, 82.0, 90.2 கோடி என்று வரும். 12.4 சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் இவற்றின் இன்றைய மதிப்பு 263 கோடி. ஐந்தாம் ஆண்டுக்குப் பின் வருவதற்கெல்லாம் சேர்த்து ஓர் இறுதி மதிப்பு கணக்கிட வேண்டும். நீண்ட கால வளர்ச்சியாக 6 சதவீதத்தை எடுக்கிறேன்: ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கான 4 சதவீதமும் அதன்மேல் 2 சதவீத உண்மையான வளர்ச்சியும். எந்த நிறுவனத்துக்கும் இந்த எண்ணை ரிஸ்க் இல்லாத விகிதத்துக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. போட்டி கூடும் என்பதால் மூலதன வருவாயும் 15 சதவீதமாகக் குறையும் என்று கொண்டால், 6-ஐ 15-ஆல் வகுக்க, லாபத்தில் 40 சதவீதம் மறுமுதலீட்டுக்குப் போகும். ஆறாம் ஆண்டின் லாபம் 191.2 கோடி, ரொக்கம் 114.7 கோடி. அதை 12.4-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடான 6.4 சதவீதத்தால் வகுத்தால் 1,792 கோடி. இன்றைய மதிப்பில் 999 கோடி.

நிறுவனத்தின் மதிப்பு 1,262 கோடி. கடன் 175 கோடியைக் கழித்து, ரொக்கம் 60 கோடியைக் கூட்டினால் பங்குதாரர்களின் பங்கு 1,147 கோடி. ஒரு பங்குக்கு 229 ரூபாய். துணை நிறுவனங்களில் வெளியாருக்குப் பங்கு இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஊழியர்களுக்கு வழங்கவிருக்கும் பங்குகளை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

எண்ணை அசைத்துப் பார்ப்பது

மொத்த மதிப்பில் 79 சதவீதம் இறுதி மதிப்பிலிருந்து வந்திருக்கிறது. அதனால் விகிதத்தின் சிறு அசைவும் விலையைப் பெரிதாக நகர்த்துகிறது. 12.4-க்குப் பதிலாக 11.4 சதவீதம் போட்டால் பங்கின் மதிப்பு 279 ரூபாய், 13.4 போட்டால் 193 ரூபாய். விகிதத்தை முன்பே எழுதி மூடி வைக்கச் சொன்னது இதனால்தான். தாமோதரனின் அட்டவணையோ வேறெதுவோ, எந்த மூலமும் இந்த விகிதத்தை ஒரு சதவீதத் துல்லியத்துக்குத் தர முடியாது. எனவே 229 என்பதை ஓர் எண்ணாகக் கொள்ளாமல், 193 முதல் 279 வரையிலான வீச்சாகவே கொள்ள வேண்டும்.

விளைவைக் காட்டுவதற்காக மட்டும், மேலே சொன்ன வரம்பையும் மீறி நீண்ட கால வளர்ச்சியை 6-லிருந்து 8 ஆக்கி, மறுமுதலீட்டை மாற்றாமல் விட்டால் மதிப்பு 326 ரூபாய்க்குத் தாவுகிறது. பங்கு மலிவு என்று தோன்றிவிடும். 8 சதவீத வளர்ச்சிக்குத் தேவையான 53 சதவீத மறுமுதலீட்டைச் சேர்த்தால் அது 260 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. 66 ரூபாய் வேறுபாடு முழுவதும் ஒரே ஒரு கட்டத்தைத் திருத்த மறந்ததால் வந்தது. தரகு நிறுவன அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

இப்போது சந்தை விலையான 315-ஐ எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். விகிதத்தையும் இறுதிக் கால எண்களையும் அப்படியே வைத்து, எவ்வளவு வளர்ச்சி இருந்தால் இந்த விலை நியாயமாகும் என்று பார்த்தால், 10 ஆண்டுகள் தொடர்ந்து 15 சதவீதம் வளர வேண்டும், அதுவும் புதிய மூலதனம் ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் ஈட்டிக்கொண்டே வளர வேண்டும் என்று வருகிறது. அப்போது மதிப்பு 320 ரூபாய். விற்பனை 1,000 கோடியிலிருந்து 4,000 கோடிக்கு மேல் போக வேண்டும் என்பது இதன் பொருள். அந்த அளவுக்குப் புதிய டீலர்கள், புதிய மாநிலங்கள், புதிய ஏற்றுமதிச் சந்தைகள் இந்த நிறுவனத்துக்குக் கண்ணுக்குத் தெரிகின்றனவா? தெரிந்தால் 315 ரூபாய் நியாயமான விலை. தெரியாவிட்டால் காத்திருக்கலாம்.

வங்கிகளுக்கும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றுக்குக் கடன் என்பது தொழிலின் மூலப்பொருள். எடையிட்ட சராசரி அங்கே பொருளற்றது. பங்கு மூலதனத்தின் செலவை மட்டும் கண்டுபிடித்து, பங்கு மூலதன வருவாயோடு ஒப்பிட வேண்டும். வருவாய் 16, செலவு 13, நீண்ட கால வளர்ச்சி 6 சதவீதம் என்றால், (16 – 6) ÷ (13 – 6), அதாவது புத்தக மதிப்பைப் போல சுமார் 1.4 மடங்கு நியாயமான விலை. வாராக் கடனுக்கு ஒதுக்கீடு போதுமான அளவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் புத்தக மதிப்பை நம்பக் கூடாது.

மூடி வைத்த தாளை மறுபடி எடுப்பதற்கான காரணங்கள் சில மட்டுமே: அரசுப் பத்திர வருவாய் குறிப்பிடத்தக்க அளவு மாறுவது, நிறுவனம் பெரிய அளவில் கடன் வாங்குவது அல்லது அடைப்பது, தரமதிப்பீடு மாறுவது, தொழிலின் இயல்பே மாறுவது. பங்கின் விலை ஏறியதோ இறங்கியதோ, எடைகளைத் திருத்தும் அளவுக்கு மேல், அந்தப் பட்டியலில் இடம்பெறாது.